கூத்தாடப் போனவள் கதையும் எழுதினாள்!



'தமிழின் முதல் பேசும் பட கதாநாயகி யார்?' என்று வினாடி வினாவில் கேட்டால், 'டி.பி.ராஜலட்சுமி' என்று பிள்ளைகள் டக்கென்று சொல்லி விடுவார்கள். மார்க்கும் போட்டு விடுவார்கள். அதோடு அந்த அம்மாவின் கதை முடிந்து விடுகிறது. ஆனால், நாம் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயமே அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் இருக்கிறது.

ராஜலட்சுமி 1911-ல் திருவையாறில் பிறந்தவர். கட்டுப்பெட்டியான குடும்பம். அந்தக் கால வழக்கப்படி, விவரம் தெரியாத வயசிலேயே கல்யாணம் செய்து வைத்து விட்டார்கள். அது நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். தாயும் மகளும் பிழைப்புக்கு வழி தேடி திருச்சிக்கு வந்தார்கள். அங்கே சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு 11 வயசு.

'வாழாவெட்டி' என்று ஒரு பெயர் ஏற்கெனவே வந்தாச்சு. இப்போது 'கூத்தாடி' என்று இன்னொரு பெயர். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் பண்டிகை என்றால் விடிய விடிய தெருக்கூத்து நடக்கும். திரௌபதி வேஷம் என்றாலும் ஆம்பளைதான் சேலை கட்டி ஆடுவார். பெண் பிள்ளை மேடை ஏறினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவரோ பாடினார், ஆடினார், பேர் வாங்கினார். நாடக மேடையிலேயே தேச பக்திப் பாட்டுப் பாடி ஜெயிலுக்கும் போனார். 1931-ல் 'காளிதாஸ்' வந்தது. கதாநாயகர் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசி நடித்த படம் அது! 1933-ல் 'வள்ளி திருமணம்'. அதில் வள்ளி இவர்தான். 'சினிமா ராணி' என்று ஜனங்கள் கொண்டாடினார்கள்.

பேரும் பணமும் வந்த பிறகு சும்மா இருக்கவில்லை. நாவல் எழுதினார். தான் எழுதிய 'கமலவல்லி' கதையை 1936-ல் 'மிஸ் கமலா' என்று படமாக எடுத்தார். கதை அவர், தயாரிப்பு அவர், இயக்கம் அவர், நடிப்பும் அவர். பெண்ணின் மனசைக் கேட்காமல் செய்து வைக்கும் கல்யாணத்தைப் பற்றிய கதை. சின்ன வயசில் தனக்கு நடந்ததை அவர் மறந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? வடக்கே ஃபாத்மா பேகம் 1926-லேயே படம் இயக்கியிருந்தாலும், தென்னிந்தியாவில் முதல் பெண் இயக்குநர் நம்ம ராஜலட்சுமிதான். தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

வங்காளத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். வினோதினி தாசி என்று பெயர். 1874-ல் சிறுமியாக மேடை ஏறினார். கல்கத்தாவில் ஸ்டார் தியேட்டர் உருவாகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அரங்குக்குத் தன் பெயரை வைப்பார்கள் என்று நம்பியிருந்தார், வைக்கவில்லை. 1886-லேயே மேடையை விட்டு விலகி, பிற்பாடு தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதினார். ஸ்டார் தியேட்டர் என்ற பெயரில் இருந்த அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக 2024 கடைசியில்தான் அங்குள்ள அரசு அறிவித்தது. ஒரு நடிகையின் பெயரை எழுத இத்தனை வருஷம்!

ராஜலட்சுமி செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. பெண்ணாகப் பிறந்ததால் கொல்லப்பட இருந்த ஒரு பச்சிளம் குழந்தையைக் காப்பாற்றி, மல்லிகா என்று பெயரிட்டு, தன் மகளாகவே வளர்த்தார். நம்ம சேலத்தில் 1992-ல் அரசாங்கமே தொட்டில் கட்டி, 'பெண் குழந்தை வேண்டாம் என்றால் இதில் போடுங்கள், கொல்லாதீர்கள்' என்று சொல்ல வேண்டி வந்ததே, அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே ஒரு 'கூத்தாடி' தன் வீட்டில் தொட்டில் கட்டினார்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள், போன வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தோழிகளோடு சேர்ந்து தானே ஒரு நாடகம் எழுதினாள். "வயசுக்கு வந்த புள்ளைக்கு மேடை எதுக்கு? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்று என் மாமியார் பிடிவாதமாக நின்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொண்டே இந்த அம்மா கதையைச் சொன்னேன். குழந்தையைக் காப்பாற்றிய இடம் வந்ததும் அத்தை கை நின்று விட்டது. "எங்க காலத்துல எத்தன புள்ளைங்க..." என்று ஆரம்பித்தவர், மேற்கொண்டு பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாடகம் எத்தனை மணிக்காம்?" என்று மட்டும் கேட்டார். மகள் நடித்தாள். சொந்தக்காரர்கள் இன்னும் முணுமுணுத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

'இந்தியத்தாய்' என்று விடுதலைப் படம் எடுத்து வெள்ளைக்காரர் தணிக்கையில் வெட்டுப்பட்டு, கைப்பணத்தையும் இழந்தவர் ராஜலட்சுமி. 1964-ல் காலமானார். சேர்த்த சொத்து போனாலும் எடுத்த பெயர் போகவில்லை பாருங்கள்.

தோழிகளே, எல்லாப் பிள்ளையும் நடிகை ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டுப் பெண் ஒரு நாடகம் எழுதினால், ஒரு பாட்டுப் பாடினால், 'கூத்தாடி' என்ற சொல்லை அவள் மேல் வீசாதீர்கள். அடுத்த முறை வினாடி வினாவில் ராஜலட்சுமி பெயர் வந்தால், 'முதல் கதாநாயகி' என்பதோடு நிறுத்தாமல், 'கதை எழுதினவர், படம் இயக்கினவர், ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றினவர்' என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

- ஒரு வாசகி, ராசிபுரம்.