துப்பாக்கிச் சட்டம் எங்கே எழுதப்படுகிறது?

ஆலங்குளம் தொகுதியின் உறுப்பினர் சென்னைச் சட்டமன்றத்தில் எத்தனை முறை பேசினாலும், துப்பாக்கி உரிமச் சட்டத்தில் ஒரு வரியைக்கூட அந்த அவை தானாக மாற்றிவிட முடியாது. ஏனெனில் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், நாடாளுமன்றம் மட்டுமே சட்டமியற்றக்கூடிய பொருள்களைத் தொகுத்துக் கூறும் ஒன்றியப் பட்டியலின் 5ஆம் பதிவில் ஆயுதங்கள் இடம்பெற்றுள்ளன. அமெரிக்காவில் நிலைமை வேறு; அங்கு டெக்சாஸ் மாநிலம் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்ல 2021இல் தானே சட்டம் இயற்றிக்கொண்டது.

இந்தியாவில் நடப்பிலுள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 2019 டிசம்பரில் திருத்தப்பட்டபோது, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை ஒன்றாகக் குறைக்கவே முதலில் முன்மொழியப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் இரண்டு என்று மாற்றி, அடுத்தடுத்த நாள்களில் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. விவாதத்துக்கு இவ்வளவு குறுகிய காலம் போதுமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

மலையடிவார உழவருக்குப் பயன்படக்கூடியது இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு. குழல்வாய் வழியே மருந்தையும் ரவையையும் இட்டுக் கம்பியால் இடித்து நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப்பாதுகாப்பின்பொருட்டு உரிமம் வழங்க அது வகைசெய்கிறது. ஆயினும் அவ்வுரிமம் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. அப்படிச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமம் கோரும் விண்ணப்பம் காவல்துறையின் விசாரணை அறிக்கையோடு மாவட்ட ஆட்சியரால் பரிசீலிக்கப்படுவதால், ஆலங்குளத்தார் அணுக வேண்டிய இடம் தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகமே.