பவர் எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

வயதான பெற்றோர் உள்ள வீடுகளில், "அப்பாகிட்ட பவர் எழுதி வாங்கியாச்சு, இனிமே கவலை இல்லை" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அப்பா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டு, ரேகையும் வைத்திருப்பார். சில வருடம் கழித்து அவருக்கு மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போகிறது. மருத்துவச் செலவுக்கு மனையை விற்கலாம் என்று மகன் பீரோவிலிருந்து பவர் பத்திரத்தை எடுக்கிறார். அந்தப் பத்திரத்துக்கு அப்போது உயிரில்லை.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவரோ வாங்கியவரோ இறந்துவிட்டால், அல்லது மனநிலை தவறிவிட்டால், முகவர் உறவு அத்துடன் முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தவர் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரைதான் அவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட முடியும் என்பது இதன் அடிப்படை. அந்தச் சொத்தில் முகவருக்கே சொந்த உரிமை இருந்தால் மட்டும் 202-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. அப்பாவுக்கு உதவியாகப் பவர் வாங்கிய மகனுக்கோ மகளுக்கோ அது பொருந்தாது.

ஆக, குடும்பத்துக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பவர் கைவிடுகிறது. இங்கிலாந்தில் 2005-இல் வந்த சட்டம், நினைவு தவறிய பிறகும் நீடிக்கும் பவரை முன்கூட்டியே எழுதிப் பதிந்துவைக்க வழி செய்தது. நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. முதியோர் எண்ணிக்கை பெருகிவரும் காலத்தில் இதைப் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன்.

அதற்காகப் பவரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துபாயில் இருக்கும் அண்ணனுக்காகத் தம்பி பட்டா மாற்றவும், நடக்க முடியாத அம்மாவுக்காக மகள் வாடகை வசூலிக்கவும் பவர்தான் வழி. ஆனால் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். ஒரு வேலைக்காக என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் தனி அதிகார ஆவணம் எழுதுங்கள். "சகல காரியங்களுக்கும்" என்று தொடங்கும் பொது அதிகார ஆவணத்தைப் பத்திர எழுத்தர் பழக்க தோஷத்தில் நீட்டுவார்; வாங்கிக்கொள்ளாதீர்கள். விற்கும் அதிகாரம் வேண்டாமென்றால் அதைத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது. வயதானவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், அன்று அவர் தெளிவான மனநிலையில் இருந்ததாக ஒரு மருத்துவச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் உடன்பிறந்தவர்கள் வழக்குப் போடும்போது கைகொடுக்கும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திடலாம். அந்த ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

நம்பிக்கை கெட்டுவிட்டதா? பவரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். மூலப் பத்திரத்தைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டால் ரத்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; ஏமாறுவது இங்கேதான். முகவருக்கும், அவரோடு வரவு செலவு வைத்திருக்கும் வெளியாருக்கும் ரத்தான செய்தி தெரியும்போதுதான் அது அவர்களைக் கட்டுப்படுத்தும். அதனால் ரத்துப் பத்திரம் எழுதி, பவர் பதிந்த அதே அலுவலகத்தில் பதிந்து, முகவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பவரை நம்பி மனை வாங்கப் போகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விற்பனைப் பத்திரம் இல்லாமல் பவரை மட்டும் எழுதி வாங்கினால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது.

உடல் மட்டும் தளர்ந்து, நினைவு தெளிவாக இருப்பவர்களுக்கு வங்கியில் பவர்கூடத் தேவையில்லை. கையெழுத்துப் போட முடியாதவரின் கைரேகையை, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகையை, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் பணம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளையில் மறுத்தால் எழுத்தில் பதில் கேளுங்கள்.

சரி, நினைவே இல்லாதவருக்கு என்ன வழி? அங்கேதான் சட்டப்பூர்வப் பாதுகாவலர் என்ற பேச்சு வருகிறது. யாருக்கு எந்தச் சட்டம் என்பது குழப்பமானது.

முதலில், பிறவியிலிருந்தே பாதிப்புள்ள பிள்ளைகள். பெற்றவர்கள் நாம்தானே, காலமெல்லாம் கையெழுத்துப் போடலாம் என்று நினைப்பார்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்த அன்றே இயற்கைக் காப்பாளர் என்ற அந்த உரிமை முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், சொத்து என்று ஒவ்வொன்றாகத் தடை வரும்போதுதான் இது தெரிய வருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் நீதிமன்றப் படி ஏறாமல் ஒரு வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று பெறலாம். குழுவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். விசாரிக்க வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தங்கள் காலத்துக்குப் பிறகு யார் என்ற கேள்வியையும் பெற்றோர் தள்ளிப்போடாமல் உயிலில் எழுதிவைத்தால், பின்னால் குழு முடிவெடுக்கும்போது அவர்கள் விருப்பம் தெரிந்திருக்கும்.

மறதி நோயும் கோமாவும் அந்த நான்கில் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று ஒருவர் உண்டு. ஆனால் அவருடைய வேலை சிகிச்சை குறித்த முடிவுகளோடு சரி. சொத்தைத் தொட முடியாது. முந்தைய 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளர் நியமிக்க இருந்த வழியும் அதோடு போய்விட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாட்டைத் தருகிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, பாதிக்கப்பட்டவரையும் கலந்துகொண்டு முடிவெடுப்பது என்பது அதன் கருத்து. பேச்சு மூச்சின்றிக் கிடப்பவரை எப்படிக் கலந்துகொள்வது?

அதனால்தான் இத்தகைய குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாடுகின்றன. கோமாவில் இருந்த கணவருக்காக மனைவி போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2024-இல் அவரைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. 50 லட்ச ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியில் போட வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்தில் தனி வழி இல்லாதபோது, திக்கற்றவருக்கு அரசே காப்பாளர் என்ற நிலையிலிருந்து நீதிமன்றம் இப்படிச் செய்ய முடியும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது மருத்துவச் சான்றுகள், வாரிசுகள் அனைவரின் எழுத்துப்பூர்வ சம்மதம், சொத்து விவரம், செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் காலம் மிச்சமாகும்.

மைனர் சொத்து விவகாரம் ஓரளவு தெரிந்ததே. மைனரின் சொந்த மனையைத் தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால், 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையைப் பிள்ளை எதிர்த்து வழக்குப் போடலாம்.

பாதுகாவலர் ஆகிவிட்டவர் சொத்துக்கு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். பணத்தைக் கையாடினாலோ, பொறுப்பில் உள்ளவரைக் கவனிக்காமல் விட்டாலோ, உறவினர்களில் எவரும் அதே குழுவிடம் எழுதிக் கொடுத்து அவரை நீக்கக் கோரலாம். நீக்கப்பட்டவர் சொத்தைப் புதிய பாதுகாவலரிடம் ஒப்படைத்து, அதுவரை வாங்கிய, செலவழித்த தொகைக்கெல்லாம் கணக்குக் காட்டியாக வேண்டும்.