பாட்டுக்குக் கொடுக்கும் காசு யார் பெயரில் வரவாகிறது?

அரிசி மண்டிகளுக்கும் ஓட்டல்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு மூட்டை எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துப் பழகிய கண் இது. பாட்டுக்குக் கொடுக்கும் காசை மட்டும் அது சும்மா விடுமா?

முதலில் பழைய முறை. ஓர் இசை நிறுவனம் பாடகருக்குப் பத்து லட்சம் முன்பணம் கொடுக்கிறது. விற்பனையில் அவர் பங்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது லட்சத்துக்கு விற்றால் அவர் பெயரில் நாலரை லட்சம் வரவாகும். கைக்கு வராது, முன்பணத்தில் கழிந்துவிடும். இன்னும் ஐந்தரை லட்சம் பற்று நிற்கும். ஒலிப்பதிவுச் செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான். வாரத்துக்கு உழுபவர் விதைக்கும் உரத்துக்கும் தன் பங்கிலிருந்தே கொடுப்பது போன்ற ஏற்பாடு. கடன் தீர்ந்தாலும் மூல ஒலிப்பதிவு பல ஒப்பந்தங்களில் நிறுவனத்துக்கே சொந்தம். அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1993இல் ஒரு கட்டுரையில் இப்படி ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினார். நிறுவனத்துக்கு ஏழு லட்சம் டாலருக்கு மேல். குழுவில் ஆளுக்கு நாலாயிரம் டாலர் சொச்சம்.

“இப்பத்தான் ஆப்புக்கு மாதாமாதம் சந்தா கட்டுறோமே, நான் கேட்கிறவருக்குத்தானே அந்தப் பணம் போகும்?” என்று நண்பர்கள் கேட்பார்கள். போகாது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளின் வழக்கமான முறையில் எல்லாருடைய சந்தாவும் ஒரே குவியலில் சேரும். செயலி ஏறக்குறைய 30 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். மீதியை, மொத்தமாக யார் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். மாதம் முழுக்க நீங்கள் ஒரே ஒரு நாதஸ்வரக்காரரைக் கேட்டிருந்தாலும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி ஊரெல்லாம் கேட்கும் வெற்றிப் பாடல்களுக்கே போய்விடும். அதுவும் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் கைக்கு முதலில் போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி: ஒரு பாட்டு ஓராண்டில் 1,000 தடவைகூட ஓடவில்லை என்றால் அந்த ஒலிப்பதிவுக்குக் காசே கிடையாது. கேட்பவரின் பணத்தை அவர் கேட்டவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் தொடங்கியது. அது இன்னும் பொதுவழக்கம் ஆகவில்லை.

ஆகவே மனசுக்குப் பிடித்தவரின் ஆல்பத்தை நான் விலை கொடுத்து வாங்குகிறேன். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் இதற்கு நல்ல சந்தை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், சிடி, இசைத்தட்டு, சட்டை போன்றவற்றில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள். பணம் அனுப்பும் கட்டணம் தனி. 500 ரூபாய்க்கு வாங்கினால் ஏறக்குறைய 400 ரூபாய் விற்பவருக்குப் போகும். செயலியில் ஒரு தடவை ஓடினால் பத்துப் பைசா என்று வைத்தால்கூட, அந்த 400 ரூபாய் சேர 4,000 தடவை ஓட வேண்டும். போட்ட விலைக்கு மேல் விரும்பியதைக் கொடுக்கவும் அங்கே வழி உண்டு. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 20 அன்று, தங்கள் பங்கையே விட்டுக்கொடுத்தார்கள். ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அது தொடர்கிறது.

இரண்டு எச்சரிக்கை. அந்தச் சந்தையும் கை மாறியிருக்கிறது: 2022இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் வாங்கியது, 2023இல் சாங்டிரேடர் நிறுவனம் வாங்கி ஊழியரில் பாதிப் பேரை அனுப்பிவிட்டது. அதனால் வாங்கிய கோப்பை உடனே உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, விற்பவர் கலைஞரா, நிறுவனமா என்று பாருங்கள். நிறுவனம் என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நம் சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ 2008இல் வெளிவந்தது பை ரெக்கார்டிங்ஸ் என்னும் சிறு நிறுவனத்தால்தான்.

சினிமாப் பாட்டின் கணக்கு வேறு. காசு கொடுத்து எழுதவும் இசையமைக்கவும் வைத்த தயாரிப்பாளருக்கே உரிமை என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 பதிப்புரிமைச் சட்டத்திருத்தம் வந்த பிறகுதான், பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு ராயல்டி உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றானது. அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். அந்தப் பணத்தை, பாட்டுப் போடும் ஓட்டல் போன்ற இடங்களிலிருந்தும், வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். சங்கம். “பாட்டுப் போடுறதுக்கெல்லாமா சார் காசு?” என்று ஓட்டல் முதலாளி முணுமுணுப்பார். காஸ் சிலிண்டருக்குக் கீழேயே அதையும் ஒரு செலவாக எழுதிவிடுவேன்.

சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை. புதுப் பாட்டைத் தேடிக் கேட்க அது வசதிதான். ஆனால் ஆயிரம் பாட்டு அடைத்து விற்கும் பென்டிரைவை வாங்காதீர்கள். அதில் யாருக்கும் பங்கு இல்லை. கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போங்கள். வாசலில் கலைஞரே சிடி விற்றால் ஒன்று வாங்குங்கள். கோயில் விழாவுக்கு நாதஸ்வரமோ பறையோ அழைத்தால், இடையில் ஆள் வைக்காமல், பேரம் பேசாமல், பேசிய தொகையைக் கலைஞர் கையிலேயே கொடுங்கள்.