உங்களுக்குத் தெரியுமா? குவாம் தீவை வாட்டிய நரம்புச் சிதைவு

மேற்குப் பசிபிக்கிலுள்ள குவாம் தீவின் சமோரோ மக்களிடையே, தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் சிதைந்து உடல் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய், 1950-களில் உலகின் பிற பகுதிகளைவிட 50 முதல் 100 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

• இம்முடக்க வடிவத்தை ‘லிட்டிகோ’ என்றும், நடுக்கமும் விறைப்பும் நினைவிழப்பும் கலந்த மற்றொரு வடிவத்தைப் ‘போடிக்’ என்றும் தீவினர் அழைத்தனர்; இரண்டும் ஒரே குடும்பத்தில், சிலவேளை ஒரே நோயாளியிடம் தோன்றின.

• குடும்பம் குடும்பமாகத் தாக்கியதால் பரம்பரை நோயெனக் கருதப்பட்டாலும், தனியொரு மரபணு காரணமென நிறுவப்படவில்லை; தீவில் பல்லாண்டு வாழ்ந்த பிலிப்பினோ குடியேறிகள் சிலரையும் அது பற்றியது.

• சைக்கஸ் என்னும் தாவரத்தின் நச்சுள்ள விதைகளை நறுக்கி, நாள்கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, உலர்த்தி அரைத்த மாவில் ரொட்டி சுடும் வழக்கம் நோய்க்குக் காரணமோ என்ற ஐயத்துக்குள்ளானது. அவ்விதைகளைத் தின்னும் பழந்தின்னி வௌவால்களை உண்டதன்வழி நச்சு செறிந்து உடலில் சேர்ந்திருக்கலாம் என்று 2002-இல் ஆய்வாளர்கள் பால் ஆலன் காக்ஸும் ஆலிவர் சாக்ஸும் முன்வைத்த கருதுகோள் இன்றும் விவாதத்திற்குரியது.

• சூழலே முதன்மைக் காரணி என்பதற்கு மிக வலுவான சான்று, உணவும் வாழ்க்கைமுறையும் மாறிய பின்னர், ஏறத்தாழ 1960-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் இந்நோய் அநேகமாகக் காணப்படாததேயாகும்.