தாய்க்கு ஒரு நாடு, சேய்க்கு ஒரு நாடு

புது தில்லி: பிறந்த குழந்தையைக் கணவரின் பெற்றோரிடம் கொண்டுபோய்க் காட்டி வருவது எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம்தான். ஆனால், தாய்வீடு லக்னெளவிலும் புகுந்த வீடு கராச்சியிலும் இருந்துவிட்டால், அந்தப் பயணத்துக்கு நாள் குறிப்பவர்கள் குடும்பப் பெரியவர்கள் அல்லர். இரு நாடுகளின் உள்துறை அமைச்சகங்களே.

எல்லை தாண்டிய இந்தச் சம்பந்தங்கள் 1947 பிரிவினையோடு முடிந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசம், தில்லி, போபால், ஹைதராபாத் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு கிளை கராச்சிக்குப் போனது. மறு கிளை இங்கேயே தங்கியது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது.

இது முஸ்லிம்களின் பிரச்னை மட்டுமே என்று தில்லியில் பலரும் எண்ணுவதுண்டு. அது தவறு. சிந்து மாகாணத்தின் உமர்கோட், தார்பார்க்கர் பகுதிகளில் வாழும் சோடா ராஜபுத்திரர்கள் இந்துக்கள். ஒரே குலத்துக்குள் மணம் செய்துகொள்வது அவர்களிடையே விலக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் உள்ள ராஜபுத்திரர்களில் பெரும்பாலானோர் சோடாக்களாகவே இருப்பதால், அவர்கள் சம்பந்தம் தேடி எல்லைக்கு இப்பால் உள்ள பார்மேர், ஜெய்சால்மர், ஜோத்பூர் பகுதிகளுக்கு வந்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டும் இருக்கின்றனர்.

1965 போரில் துண்டிக்கப்பட்ட முனாபாவ் - கோக்ராபார் ரயில் பாதை, 41 ஆண்டுகளுக்குப் பிறகு 2006 பிப்ரவரி 18-ஆம் தேதி திறக்கப்பட்டபோது அதிகம் மகிழ்ந்தவர்கள் இக்குடும்பத்தினரே. பாலைவனத்தின் இரு கரைகளையும் இணைத்த அந்தத் தார் எக்ஸ்பிரஸ், ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டதை அடுத்து 2019 ஆகஸ்டில் நின்றுபோனது. 1976 முதல் ஓடிய சம்ஜெளதா எக்ஸ்பிரஸும், 1999-இல் வாஜ்பாய் பயணம் செய்து தொடங்கிவைத்த தில்லி - லாகூர் பேருந்தும் அதே மாதத்தில் நின்றன.

அதன் பிறகு எஞ்சியிருந்த தரைவழி அட்டாரி - வாகா மட்டுமே. பார்மேரில் இருந்து கைக்குழந்தையுடன் சிந்துவுக்குப் புறப்படும் பெண், ராஜஸ்தானையும் பஞ்சாபையும் கடந்து வடக்கே அட்டாரிக்கு வர வேண்டும். நடந்து எல்லையைத் தாண்டி, லாகூரில் இருந்து மீண்டும் தெற்கு நோக்கி நாள் கணக்கில் பயணம் செய்து, புறப்பட்ட இடத்துக்கு ஏறக்குறைய நேர் எதிரே போய்ச் சேர வேண்டும். பால் புட்டியும் துணி மூட்டையுமாக இந்தச் சுற்று!

விசா விதிகள் எழுத்தளவில் அத்தனை கடுமையானவை அல்ல. 2012 செப்டம்பர் 8-ஆம் தேதி இஸ்லாமாபாதில் எஸ்.எம். கிருஷ்ணாவும் ரெஹ்மான் மாலிக்கும் கையெழுத்திட்ட உடன்பாடு, மறு நாட்டவரை மணந்தவர்களுக்கும் பெற்றோருடன் வரும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இரண்டு ஆண்டு வரை பலமுறை வந்துபோகும் விசாவை அளிக்க வகை செய்தது. அட்டாரியின் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியை அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் திறந்துவைத்ததும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். ஆனால், விசா வழங்க வேண்டிய தூதரகங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. 110 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை 2020-இல் 55 ஆகவும், 2025-இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது.

உண்மையான சிக்கல் குழந்தையின் குடியுரிமையில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 2003 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா நிறைவேறியபோது, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இரட்டைக் குடியுரிமை பற்றியே அதிகம் பேசப்பட்டது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2004 டிசம்பர் 3-ஆம் தேதி முதல், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை இந்தியக் குடியுரிமை பெற வேண்டுமானால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி தேவை. குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்றும் பெற்றோர் உறுதி கூற வேண்டும்.

கராச்சியில் பிறந்த குழந்தையைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவர விரும்பும் இந்தியப் பெண், அங்கு எளிதில் கிடைக்கும் பாகிஸ்தான் கடவுச்சீட்டைக் குழந்தைக்கு எடுத்துவிடுகிறார். பேரப்பிள்ளையைப் பாட்டியிடம் காட்டலாம். ஆனால், இந்தியராகப் பதிவு செய்யும் வாய்ப்பு அத்துடன் அடைபட்டுவிடும். வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையும் பாகிஸ்தான் குடிமக்களுக்குக் கிடையாது.

மறுபுறம், இந்தியரை மணந்து இங்கு வாழும் பாகிஸ்தான் பெண் ஏழாண்டுகள் இங்கு வசித்த பிறகே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். அதுவரை நீண்டகால விசாதான். சட்டப்படி தங்கியுள்ள அவருக்கு இங்கு பிறக்கும் குழந்தையோ இந்தியக் குடிமகன்.

இந்த முடிச்சு அத்தனையும் 2025 ஏப்ரலில் அட்டாரி வாயிலில் வெளிப்பட்டது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், ஏப்ரல் 23-ஆம் தேதி, சோதனைச் சாவடியை மூட மத்திய அரசு முடிவு செய்தது. பாகிஸ்தானியர்களின் விசாக்கள் ஏப்ரல் 27 முதல் ரத்தாயின. நீண்டகால விசாக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பாகிஸ்தானும் தன் பக்கத்தில் வாகாவை மூடியது. ஏப்ரல் 24 முதல் 29 வரையிலான ஆறு நாள்களில் 786 பாகிஸ்தானியர்கள் வெளியேறினர். 1,465 இந்தியர்கள் திரும்பினர்.

பெற்றோரைப் பார்க்க வந்து, கணவர் வீட்டுக்குத் திரும்ப முயன்ற பெண்கள் பலர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். பாகிஸ்தான் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைகள் போகலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ள தாய் போக முடியாது என்பதே அதிகாரிகள் தந்த விளக்கம். சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்புவதா, விதியை மீறி இங்கேயே வைத்துக்கொள்வதா என்று அறியாமல் பலர் நெடுஞ்சாலை ஓரத்தில் காத்துக் கிடந்தனர். எதிர்த்திசையில், இங்குள்ள கணவரைப் பிரிந்து சென்ற பாகிஸ்தான் பெண்களும் இருந்தனர். பாகிஸ்தானியர்கள் வெளியேற வாயிலைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று ஏப்ரல் 30-இல் உள்துறை அமைச்சகம் கெடுவைத் தளர்த்தியது. தாய்க்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு கடவுச்சீட்டு என்ற சிக்கலுக்கு அது விடையாகவில்லை.

பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு எந்த அரசும் எல்லையை இறுக்கவே செய்யும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், விலக்கு அளிப்பது முடியாத காரியமும் அல்ல. 2025 நவம்பரில் குருநானக் பிறந்தநாளுக்காகச் சுமார் 2,100 சீக்கிய யாத்ரிகர்கள், அரசின் அனுமதியுடன், இதே வாயில் வழியாகச் சென்று வந்தனர். முன்கூட்டியே சரிபார்த்த பட்டியலின்படி அனுப்பும் இந்த ஏற்பாட்டை, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்துச் செல்லும் தாய்மார்களுக்கும் விரிவுபடுத்த, நம் தரப்பில் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஓர் ஆணை போதும்.