வழு காணும் வழி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோர் நுழைவுத் தேர்வு என்னும் வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். நம் மாநிலத்தில் எம்.பி.ஏ. வகுப்பில் சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வில் கணக்கோடு ஆங்கில இலக்கணமும் உண்டு. ஒரு வாக்கியத்தைத் தந்து, பிழையான பகுதியைக் காட்டு, அல்லது சரியான வடிவத்தைத் தேர்ந்தெடு என்பார்கள். வெளிநாட்டு மேலாண்மைப் படிப்புக்கான 'ஜிமேட்' தேர்விலும் இப்பகுதி பல்லாண்டுகள் இருந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில்தான் நீக்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான 'எஸ்.ஏ.டி.' தேர்வில் இலக்கண வினாக்கள் இன்றும் உள்ளன.

இவ்வினாக்களுக்குப் பலரும் கூறும் வழி, "வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார், தவறு காதுக்கே தெரிந்துவிடும்" என்பதாகும். ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்தவர்க்கு அது தெரியலாம். எம் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் அந்தக் காதுக்கு எங்கே போவது? ஆனால் நண்பர்களே, கவலை வேண்டா! இவ்வினாக்களில் பல, காதை ஏமாற்றுவதற்கென்றே அமைக்கப்படுபவை. இங்கே காதைவிட இலக்கணமே நம்பத்தக்க துணை. அந்த இலக்கணத்தில் பெரும்பகுதியை நாம் பள்ளியிலேயே, தமிழ் வகுப்பில், படித்துவிட்டோம்.

பிழையை நம் முன்னோர் 'வழு' என்றனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்கிறது நன்னூல். இந்தக் கண்ணாடியை அணிந்து ஆங்கில வாக்கியத்தைப் பார்ப்போம்.

எழுவாய் எங்கே?

"தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் ஸ்டூடன்ட்ஸ் வேர் புட் அப் எஸ்டர்டே."

காதுக்கு இதில் குறை தெரியாது. 'ஸ்டூடன்ட்ஸ்' பன்மை, அடுத்து வரும் 'வேர்' என்பதும் பன்மை. ஆனால் நேற்று ஒட்டப்பட்டது எது? மாணவர்கள் அல்லர், பட்டியல். ஆகவே 'வாஸ்' என்பதே சரி. "மாணவர்களின் பட்டியல் ஒட்டப்பட்டன" என்று எழுதினால் நம் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார் அல்லவா? ஒன்றன்பால் எழுவாய் பலவின்பால் வினை கொண்டதால் அது பால் வழு. அதே வழுதான் இதுவும்.

தமிழில் இவ்வழு எளிதில் புலப்படும். ஆங்கிலத்தில் மறைந்து நிற்கும். ஏன்? தமிழில் அடைமொழி முன்னே வர, எழுவாயாகிய 'பட்டியல்' வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'லிஸ்ட்' முன்னே போய்விட, 'ஆஃப்' தொடர் இடையில் புகுந்து வினையை ஒட்டிக்கொள்கிறது. வினா அமைப்போர் பொறி வைப்பது இந்த இடைவெளியில்தான். எனவே முதலில் வினைமுற்றைக் கண்டுபிடியுங்கள். 'யார்? எது?' என்று கேட்டு எழுவாயைப் பிடியுங்கள். இடையில் உள்ளதைப் பென்சிலால் அடித்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எச்சத்துக்கு உரியவர் யார்?

"வாக்கிங் டு தி காலேஜ், தி ரெய்ன் ட்ரெஞ்ச்டு மீ."

இதைத் தமிழாக்கினால், "கல்லூரிக்கு நடந்து வந்து மழை என்னை நனைத்தது" என்றாகும். நடந்து வந்தது மழையா? 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம், தன் வினைமுதலையே முற்றுவினைக்கும் வினைமுதலாகக் கொள்ளவேண்டும் என்பது தொல்காப்பியம் வினையியலில் வகுத்த விதி. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்பதுபோல் 'செய' என்னும் எச்சத்துக்கு வேறு வினைமுதல் வரலாம். ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்தில் 'இங்' விகுதி பெற்றுத் தனித்து நிற்கும் தொடர் நம் 'செய்து' எச்சத்தைப் போன்றது. காற்புள்ளியை அடுத்து வரும் பெயர் அச்செயலைச் செய்தவரா என்று பாருங்கள். "வாக்கிங் டு தி காலேஜ், ஐ வாஸ் ட்ரெஞ்ச்டு பை தி ரெய்ன்" என்பது வழாநிலை.

எண்ணும்போது ஒரே வடிவம்

"ஷி லைக்ஸ் ரீடிங், சிங்கிங் அண்ட் டு ட்ரா" என்பது பிழை. படிப்பதும், பாடுவதும் என்று தொடங்கியவர் 'வரைவதும்' என்றே முடிக்கவேண்டும். ஆகவே 'ட்ராயிங்'. எண்ணும்மை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

'ஏ', 'அன்' வேறுபாடும் அப்படியே. ஓர் ஊர், ஒரு யானை என்கிறோம். உயிரொலிக்கு முன் 'ஓர்'. மெய்யொலிக்கு முன் 'ஒரு'. 'யுனிவர்சிட்டி' என்பது யகர ஒலியில் தொடங்குவதால் 'ஏ யுனிவர்சிட்டி'. 'ஹவர்' என்பதில் முதலெழுத்து ஒலியாமையால் 'அன் ஹவர்'. பார்க்கவேண்டியது எழுத்தை அன்று; ஒலியை.

தமிழ் கைகொடாத இடங்கள்

எல்லா இடத்திலும் தாய்மொழி துணை வரும் என்று கூறினால் அது பொய்யாகும். "மதுரையின் மக்கள்தொகை சேலத்தைவிட அதிகம்" என்பதைத் தமிழில் யாரும் குறை கூறார். ஆங்கிலத் தேர்வில் மக்கள்தொகையை மக்கள்தொகையோடுதான் ஒப்பிடவேண்டும். 'தேன் சேலம்' என்றால் பிழை. 'தேன் தட் ஆஃப் சேலம்' என்பதே சரி. "நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன்" என்பதைத் தமிழ் ஏற்கும். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ் சீன்' கூடாது. 'சா' என்றே வரவேண்டும். 'பற்றி' என்னும் நம் சொல் மனத்தில் இருப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறோம்; அங்கே 'அபவுட்' வேண்டாதது. இவை அந்த மொழியின் மரபு. மரபுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. ஒரு சிறு குறிப்பேட்டில் நாளும் ஐந்தாக எழுதி மனனம் செய்வதே வழி.

தேர்வுக் கூடத்தில்

கொடுத்த விடைகள் ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகின்றன என்று முதலில் பாருங்கள். வினா எதைச் சோதிக்கிறது என்பதை அவ்வேறுபாடே சொல்லிவிடும். 'பிழை இல்லை' என்பதும் ஒரு விடை, அதற்கு அஞ்சவேண்டா.

கணித மாணவன் என்பதால் ஒரு கணக்கும் கூறுகிறேன். நான்கு விடைகள், சரிக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்று கொள்வோம். கண்ணை மூடிக் குறித்தால் சராசரிப் பயன் சுழி. இரண்டு விடைகளைத் தவறென்று நீக்கிவிட்டு மற்ற இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக வினாவுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் சேரும். பாதி இலக்கணம் தெரிந்தாலும் அதற்குக் கூலி உண்டு!

ஆங்கிலம் நம் வீட்டு மொழி அன்று, உண்மைதான். ஆனால் எழுவாயும் பயனிலையும் எச்சமும் முற்றும் நமக்கு அந்நியமல்ல. பத்தாம் வகுப்போடு பரணில் போட்ட தமிழ் இலக்கண நூலைத் தூசி தட்டி எடுங்கள். அதை ஒருமுறை படித்துவிட்டுப் பழைய வினாத்தாளைப் பிரியுங்கள். நமக்கும் ஓர் இடம் கிட்டாமலா போகும்?