பச்சை மேசை: மறுமேடையேற்றமும் திறந்த ஒத்திகையும்

பழைய ஆடலொன்றை மீண்டும் மேடையேற்றுங்கால், பார்வையாளரை அனுமதித்து நடத்தும் பயிற்சி திறந்த ஒத்திகை எனப்படும். ஆடல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழியை அது கண்முன் காட்டுகிறது. செருமானிய நடன ஆசிரியர் குர்ட் யோஸ் அமைத்த 'பச்சை மேசை'யை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1932 சூலை 3இல் பாரிசில் நடைபெற்ற போட்டியில் இவ்வாடல் முதற்பரிசு பெற்றது. முகமூடி அணிந்த பத்துக் கனவான்கள் மேசையைச் சுற்றி வாதிடுவதில் தொடங்கி, அதே காட்சியில் இது முடிகிறது. இடைப்பட்ட காட்சிகளில் சாவு, போரில் சிக்கிய ஒவ்வொருவரையும் கொண்டுசெல்கிறது. 1933இல் தம் குழுவின் யூதக் கலைஞர்களை விலக்க மறுத்த யோஸ், நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் இங்கிலாந்தில் ஆன் ஹட்சின்சன் இவ்வாடலை லாபன் குறியீட்டில் பதிவு செய்தார்.

கீழிருந்து மேலாகப் படிக்கப்பெறும் இக்குறியீட்டில், குறியின் வடிவம் திசையையும், அதன் நிறைப்பு உயர நிலையையும், நீளம் கால அளவையும் சுட்டும். ஆயினும் அசைவின் உட்பொருளை அது முழுமையாக உணர்த்துவதில்லை. கனவான் மேசைமீது சாய்வது பணிவாகத் தோன்றினால், காட்சியின் ஏளனம் கெடும். அதனை ஆசிரியரே நிறுத்தித் திருத்துதல் வேண்டும். யோஸ் 1979இல் மறைந்த பின் அவர்தம் மகள் அன்னா மார்கார்ட் பல குழுக்களுக்கு இதனைக் கற்பித்தமை இத்தேவையை உணர்த்தும்.

முடிந்த அரங்கேற்றத்தில் இத்திருத்தங்கள் புலப்படா. திறந்த ஒத்திகையிலோ ஒரே அசைவு பலமுறை நிறுத்தப்பட்டுத் திரும்ப ஆடப்படுவதைப் பார்வையாளர் காண்பர். எழுத்துப் பதிவோடு ஆசிரியர் வாய்மொழியும் சேர்ந்தே ஆடலைக் காக்கிறது என்பது இதனால் பெறப்படும்.